கூடாரம் எங்கே போடுவது: ஈஸ்ட் கோஸ்ட்டா, பாசிர் ரிஸ்ஸா, உபினா?

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எனக்கு வரும் கேள்வி இது. "அக்கா, பிள்ளைகளோட ஒரு ராத்திரி கூடாரத்துல தங்கணும். மறுநாள் காலையில கொஞ்ச தூரம் காட்டுப் பாதையில நடக்கணும். ஈஸ்ட் கோஸ்ட் போகலாமா, பாசிர் ரிஸ் போகலாமா, இல்ல உபின் தீவுக்கே போயிடலாமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று இடத்தையும் பகலில் பார்த்தவர்கள். மூன்றும் பிடித்திருக்கிறது. அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள்.

பகலில் மூன்றுமே நல்ல இடங்கள். கடலும் காற்றும் நிழலும் எல்லாவற்றிலும் உண்டு. வித்தியாசம் தெரிவது விடிகாலை 3 மணிக்கு. மழை கொட்டினால் எங்கே ஒதுங்குவது, சின்னவளுக்குக் கழிவறை வேண்டுமென்றால் இருட்டில் எவ்வளவு தூரம் நடப்பது, யாருக்காவது காய்ச்சல் கண்டால் எப்படி வீடு போய்ச் சேர்வது? கூடாரம் போடும் இடத்தை அந்த நேரத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நடைப்பாதையைத் தனியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தே ஆகவேண்டும் என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

மெக்ரிட்சி, புக்கிட் தீமா, கோனி தீவு ஆகியவற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கெல்லாம் இரவு தங்க அனுமதி இல்லை. நடக்க மட்டும் போகலாம். மெக்ரிட்சியின் 250 மீட்டர் தொங்குபாலம் சிங்கப்பூரின் மிக நல்ல வனநடைகளில் ஒன்று, ஆனால் அது இன்னொரு நாளுக்கான திட்டம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், இரவில் வெளியேறும் வழி. கார் இருக்கிறதா, டாக்சி வந்து நிற்கும் இடம் கூடாரத்திலிருந்து எவ்வளவு தூரம், கடைசிப் போக்குவரத்து எத்தனை மணிக்கு என்பதெல்லாம் இதில் அடங்கும். அடுத்தது கழிவறையும் தண்ணீரும். ஆண்கள் மட்டும் போகும் குழு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள் உள்ள குடும்பத்துக்கு இதுதான் பாதி முடிவு. பிறகு நடைப்பாதையின் தரம், செலவு, அனுமதி.

இவற்றோடு பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று இருக்கிறது. அது காற்று.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' என்று நாம் சொல்லும் இடிமழை வரும் காலம். மலாக்கா நீரிணைப் பக்கம் இரவில் திரண்டு, விடியலுக்குச் சற்று முன்போ காலையிலோ மேற்கிலிருந்து நம்மை வந்து அடிக்கும். காற்றின் வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகும். வீட்டில் இருந்தால் சன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பத் தூங்கிவிடுவோம். கூடாரத்தில் இருந்தால் அதுதான் அந்த இரவின் பெரிய நிகழ்ச்சி. ஜூன் விடுமுறை சரியாக இந்தக் காலத்தில் விழுகிறது. ஆண்டுக் கடைசி விடுமுறையோ வடகிழக்குப் பருவமழையில் விழுகிறது. அப்போது காற்றைவிட, விடாமல் பெய்யும் மழைதான் தொல்லை.

ஆகவே எந்த இடமானாலும் கூடாரத்தின் மேற்குப் பக்கக் கயிறுகளை முதலில் கட்டுங்கள். கடற்கரை மணலில் கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி ஆணி நிற்காது. ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தால் நிற்கும். மேலுறையைச் சுருட்டி வைத்துவிட்டு "மழை வந்தால் போட்டுக்கொள்ளலாம்" என்று படுக்க வேண்டாம். அந்தக் காற்றில் இருவர் சேர்ந்தாலும் மேலுறையைப் போட முடியாது.

அனுமதி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் இரண்டிலும் தேசியப் பூங்காக் கழகம் குறித்துவைத்துள்ள பகுதிகளில் மட்டுமே கூடாரம் போடலாம். ஏஎக்ஸ்எஸ் என்ற கட்டணச் சேவையின் இயந்திரத்திலோ செயலியிலோ அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். கட்டணம் இல்லை. மாதத்துக்கு இத்தனை நாள் என்ற வரம்பு உண்டு. விடுமுறை வார இறுதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், ஊர் கூட்டி நாள் குறிப்பதற்கு முன்பே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்டும் அடுப்புக்கு (பார்பிக்யூ) தனியாகப் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். அந்த அடுப்பைத் தவிர வேறெங்கும் தீ மூட்டக்கூடாது. இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது என்பது 2015 முதல் சட்டம். அது பூங்காவுக்கும் பொருந்தும்.

## ஈஸ்ட் கோஸ்ட்: வெளியேற எளிது, நடக்கக் காடு இல்லை

ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளம், 185 ஹெக்டர் பரப்பு. 1966-இல் தொடங்கிய நிலமீட்புப் பணியில் கடலைத் தூர்த்து உருவான கரை இது. இங்குள்ள மரங்கள் எல்லாம் மனிதர் நட்டு வளர்த்தவை. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. கூடாரத்துக்கு டி, ஜி என்று இரண்டு பகுதிகள் உள்ளன.

விடிகாலை 3 மணிச் சோதனையில் ஈஸ்ட் கோஸ்ட் எளிதாகத் தேறிவிடும். கழிவறையும் குளிக்கும் இடமும் பக்கத்திலேயே இருக்கும், இரவெல்லாம் விளக்கு எரியும். கார் நிறுத்துமிடம் கூப்பிடு தூரம். டாக்சி கூப்பிட்டால் வரும், நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை மீட்டரில் பாதி கூடுதல் கட்டணம் ஏறும், அவ்வளவுதான். 2024 ஜூனில் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் மரின் பரேட், மரின் டெரஸ், சிக்லாப், பேஷோர் நிலையங்கள் திறந்தபிறகு கார் இல்லாதவர்களுக்கும் இது கைக்கெட்டும் இடமாகிவிட்டது. ஆனாலும் நிலையத்திலிருந்து விரைவுச்சாலைக்கு அடியிலுள்ள சுரங்கப்பாதை வழியாகக் கடந்து வரவேண்டும். குளிர்பெட்டியும் கூடாரமும் தூக்கிக்கொண்டு அந்த நடை சின்ன நடையாகத் தெரியாது. மடக்கும் தள்ளுவண்டி ஒன்று கொண்டுபோங்கள்.

மறைந்திருக்கும் செலவு தூக்கம். ஒரு பக்கம் விரைவுச்சாலையின் இரைச்சல். இன்னொரு பக்கம் நள்ளிரவு தாண்டியும் மிதிவண்டியில் பாட்டு வைத்துக்கொண்டு போகிறவர்கள். சனிக்கிழமை என்றால் அக்கம்பக்கத்து வாட்டுப் புகையும் சேர்ந்துகொள்ளும். பணச்செலவும் மெல்ல ஏறும். உணவங்காடி நிலையத்தில் சாத்தே, பிள்ளைகளுக்கு வாடகை மிதிவண்டி, மெக்டொனால்ட்ஸ் என்று போனால், இலவச அனுமதியில் தொடங்கிய பயணம் உணவுக்கும் வாடகைக்கும் ஒரு பெரிய தொகையைக் கொடுத்து முடியும்.

நடைப்பாதை என்று பார்த்தால் தட்டையான, சீரான பாதை. தள்ளுவண்டிக் குழந்தைக்கும் முட்டிவலி உள்ள பாட்டிக்கும் இதைவிட நல்லது கிடையாது. காடு வேண்டும் என்பவருக்கு இங்கே ஒன்றும் இல்லை. மிதிவண்டி ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் கிழக்கு நோக்கிப் போய், 2020-இல் திறந்த சாங்கி விமான நிலைய இணைப்புப் பாதையில் டைனோசர் உருவங்கள் நிற்கும் 'ஜுராசிக் மைல்' வரை ஓட்டலாம். அது அவர்களுக்கு மறக்காது.

2024 ஜூன் 14-ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல் மோதி எண்ணெய் கசிந்தபோது இந்தக் கரையும் மூடப்பட்டது. கடற்கரைப் பூங்காக்களில் அறிவிப்பு திடீரென மாறும். கிளம்பும் முந்தின நாள் பூங்காக் கழகத்தின் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இது மூன்று இடத்துக்கும் பொருந்தும்.

## பாசிர் ரிஸ்: பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு என் முதல் பரிந்துரை

பாசிர் ரிஸ்ஸைப் பலர் விளையாட்டுத் திடலுக்காக மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அந்த உயரமான கயிற்று வலைக் கோபுரம் பிள்ளைகளை அரைநாள் பிடித்து வைத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் இந்தப் பூங்காவின் உயிர் அதன் நடுவில் இருக்கும் 6 ஹெக்டர் சதுப்புநிலக் காடு. பூங்கா அமைத்தபோது அழிக்காமல் விட்டுவைத்தது. மேலே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். மூன்று மாடிப் பறவைக் கோபுரமும் உண்டு.

கடல் வற்றும் நேரம் பார்த்து அந்தப் பலகைப் பாதையில் குனிந்து உட்காருங்கள். முதல் ஒரு நிமிடம் சேறு மட்டும்தான் தெரியும். அசையாமல் இருந்தால் சேறு அசையத் தொடங்கும். தத்தித் தாவும் உளுவை மீன்கள் கண்ணை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் கிடக்கும். ஒன்று இன்னொன்றின் எல்லைக்குள் வந்தால் முதுகுத் துடுப்பை விரித்துச் சண்டைக்கு நிற்கும். குட்டி எரிமலை மாதிரி குவிந்திருக்கும் சேற்று மேடுகள், சேற்று இறால் ராத்திரியெல்லாம் அடிமண்ணை வெளியே தள்ளிக் கட்டியவை. மேட்டின் உச்சி ஈரமாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, நேற்று ராத்திரி வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். நண்டுகள் அலை ஏற ஏற மரத்தில் ஏறிக்கொள்ளும். இத்தனையும் கூடாரத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், காலணி நனையாமல் பார்க்கக் கிடைக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன காட்டுப் பாதை வேண்டும்?

விடிகாலை 3 மணிச் சோதனையிலும் இந்த இடம் நன்றாகவே தேறும். கூடாரப் பகுதிகள் 1, 3 என்று பிரித்திருக்கிறார்கள். கழிவறை பக்கம். பாசிர் ரிஸ் எம்ஆர்டி நிலையம் நடக்கிற தூரம். அடுக்குமாடி வீடுகளும் காப்பிக் கடைகளும் சாலைக்கு அந்தப் புறம். ஈஸ்ட் கோஸ்ட்டைவிட ஆள் நடமாட்டம் குறைவு, விளக்கும் சற்றுக் குறைவு. அது எனக்கு நல்லதாகவே படுகிறது. தனியாகப் போகும் இளம்பெண்களுக்கு அந்த அரை இருட்டு ஒருவேளை பிடிக்காமல் போகலாம்.

இங்கே விலை கொடுக்கப் போவது தோல். சதுப்பு இருக்கும் இடத்தில் மணல் ஈ இருக்கும். கொசு கடித்தால் ஒரு நாள் அரிப்பு, மணல் ஈ கடித்தால் ஒரு வாரம். மாலை மங்கும் நேரத்திலும் விடியும் நேரத்திலும்தான் அது மொய்க்கும். கணுக்கால்வரை மூடும் மெல்லிய பருத்திக் காற்சட்டை எல்லோருக்கும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடாரத்தின் வலை நுண்ணியதா என்று வாங்கும்போதே பாருங்கள். சாதாரணக் கொசுவலைக் கண்ணில் மணல் ஈ நுழைந்துவிடும்.

விமானச் சத்தம் அவ்வப்போது வரும். விடியலுக்கு முன் காட்டுக்கோழி கூவத் தொடங்கிவிடும். இந்தப் பூங்காவில் அவை நிறைய. காலை 8 மணிவரை தூங்க நினைப்பவர்கள் காதடைப்பான் கொண்டுபோகலாம். காட்டுப்பன்றி பாசிர் ரிஸ் வட்டாரத்திலும் தென்படும். சாப்பாட்டுப் பையை வெளியே விட்டுத் தூங்க வேண்டாம்.

வளர்ந்த பிள்ளைகளுக்கும், மணிக்கணக்கில் நடக்க ஆசைப்படும் பெரியவர்களுக்கும் இந்தப் பாதை போதாது. சதுப்புக் காட்டை நிதானமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

## உபின்: உண்மையான நடை, உண்மையான இருட்டு

நடைப்பாதை ஒன்றை மட்டும் பார்த்தால் மற்ற இரண்டையும் இதன் பக்கத்தில் வைக்கவே முடியாது. ஆயிரம் ஹெக்டருக்குச் சற்று மேற்பட்ட தீவு. ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய தீவு. ஹார்ஸ்பர்க் கலங்கரைவிளக்கத்துக்கு 1850-இல் இங்கிருந்துதான் கல் போனது. கல் வெட்டுவது 1999-இல் நின்றபிறகு குழிகளில் தண்ணீர் தேங்கி ஏரிகளாகிவிட்டன. படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெக்கான் குழியின் ஓரத்தில் நின்றால், மரங்களில் நாரைகள் கூட்டங்கூட்டமாக உட்கார்ந்திருப்பது தெரியும். சிங்கப்பூரில் காணாமல் போயிருந்த இருவாச்சிப் பறவை 1994-இல் திரும்பி வந்து தென்பட்டது இந்தத் தீவில்தான். இன்று அதை நகரத்துக்குள்ளும் பார்க்கிறோம்.

கிழக்கு முனையில் செக் ஜாவா. கடல்புல், பவளக்கல், சதுப்பு, மணல்திட்டு எல்லாம் ஒரே இடத்தில் சந்திக்கும் 100 ஹெக்டர். இதையும் தூர்த்து நிலமாக்கத் திட்டம் இருந்தது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் எடுத்துச் சொன்னபிறகு 2001 டிசம்பரில் அரசு அதைத் தள்ளிவைத்தது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பலகைப் பாதையும், 20 மீட்டர் உயர ஜெஜாவி கோபுரமும் உள்ளன. படகுத்துறையிலிருந்து 3 கிலோமீட்டர்போல நடக்க வேண்டும். கடல்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரம் பார்த்துப் போனால்தான் அதன் அருமை தெரியும். அலை ஏறியிருக்கும்போது போனால் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவீர்கள். அலை அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. உபின் போகும் நாளைப் பள்ளி அட்டவணையைவிட இந்த அட்டவணையை வைத்துக் குறிப்பது நல்லது.

தங்குவதற்கு ஜெலுத்தோங், மாமாம் என்று இரண்டு கூடாரத் தளங்கள். ஜெலுத்தோங் படகுத்துறைக்குக் கிட்ட. மாமாம் வடகிழக்குக் கரையில், ஜொகூரைப் பார்த்தபடி இருக்கிறது. சாமான்களோடு நடந்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ஏஎக்ஸ்எஸ் சீட்டு இங்கே தேவையில்லை. தீவில் இறங்கியதும் காவல் சாவடியில் யார் யார், எங்கே, எத்தனை நாள் என்று சொல்லிவிட வேண்டும். இதைத் தவறாமல் செய்யுங்கள். இரவில் உங்களைத் தேடி வரவேண்டி வந்தால் அந்தப் பதிவுதான் துணை.

இனி விடிகாலை 3 மணி. சாங்கி முனையிலிருந்து போகும் படகு 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கம். காலை 7 முதல் மாலை 7 மணிவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப்பிறகு வெளியேறும் வழி உங்கள் கையில் இல்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளை, கர்ப்பிணி, இதயநோய்க்கு மருந்து சாப்பிடும் அப்பா ஆகியோரில் ஒருவர் குழுவில் இருந்தாலும் நான் உபினில் இரவு தங்கச் சொல்ல மாட்டேன். பகலில் அழைத்துப்போய்க் காட்டுங்கள், மாலைப் படகில் திரும்பிவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். படகு 12 பேர் சேரும்வரை காத்திருக்கும். அவசரம் என்றால் காலி இருக்கைகளுக்கும் சேர்த்து நீங்களே கொடுக்க வேண்டும். மிதிவண்டியை ஏற்றினால் அதற்குத் தனிக்கட்டணம். அதைவிடப் பெரியது தண்ணீரின் எடை. தீவின் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக்கூடாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்றால், நான்கு பேருக்கு ஒன்றரை நாளுக்கு 18 லிட்டர். 18 கிலோவைத் தூக்கிக்கொண்டு மாமாம்வரை நடப்பது யார் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். கிராமத்துக் கடைகளில் போத்தல் தண்ணீர் கிடைக்கும், ஆனால் மாலையில் கடைகளைச் சாத்திவிடுவார்கள். அங்குள்ள உணவகங்களில் கடலுணவுதான் முக்கியம். சைவக் குடும்பங்கள் புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போவதே நிம்மதி.

அடுத்தது கைப்பேசி. தீவின் வடகரையில் ஜொகூரின் அலைவரிசை பலமாக இருக்கும். கைப்பேசி தானாக மலேசிய இணைப்புக்குத் தாவிவிடும். படகு ஏறுமுன் ரோமிங்கை அணைத்துவிட்டால், ஒரு ராத்திரி பாட்டுக் கேட்டதற்கு மாதக்கடைசியில் பில் வராது.

காட்டுப்பன்றிகளும் குரங்குகளும் கூடாரத் தளத்துக்கு வரும். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். கொடுக்காமலே அவை எடுத்துக்கொள்ளும் என்பதுதான் நடைமுறைச் சிக்கல். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டி இல்லாமல் போகாதீர்கள். பிஸ்கட் வாசனையுள்ள பையைக் கூடாரத்துக்குள் வைத்துத் தூங்கினால் பன்றி துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும். தாய்ப்பன்றி குட்டிகளோடு வந்தால் விளக்கை முகத்தில் அடிக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். ஜூன், ஜூலையில் டுரியான் விழும் காலம். கூடாரம் போடுமுன் அண்ணாந்து பார்த்து, மேலே என்ன மரம் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சொன்னபிறகு இதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த பிள்ளை ஒன்று, தெருவிளக்கே இல்லாத இருட்டை முதன்முதலாகப் பார்ப்பது பெரும்பாலும் உபினில்தான். பன்னிரண்டு வயதுக்கு மேல், நடக்கப் பயப்படாத பிள்ளைகளோடு போகிறவர்கள் தயங்காமல் இங்கேயே தங்கட்டும். அந்த வயதில் ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு அழைத்துப்போனால் கைப்பேசியை விட்டுத் தலை நிமிராது.

## ஒரே பார்வையில்

| | ஈஸ்ட் கோஸ்ட் | பாசிர் ரிஸ் | உபின் |
|---|---|---|---|
| இரவில் வெளியேற | எந்த நேரமும் | எந்த நேரமும் | மாலை 7-க்குப் பிறகு கடினம் |
| கழிவறை, குளியல் | மிக அருகில் | அருகில் | எளிய வசதி மட்டும் |
| குடிநீர் | பிரச்சினை இல்லை | பிரச்சினை இல்லை | சுமந்து போக வேண்டும் |
| நடைப்பாதை | தட்டை, மிதிவண்டிக்கு ஏற்றது | சிறிய சதுப்புக் காடு | நாள் முழுக்க நடக்கலாம் |
| தூக்கம் கெடுப்பது | சத்தமும் வெளிச்சமும் | மணல் ஈ, கோழி | பன்றி, தனிமை |
| அனுமதி | ஏஎக்ஸ்எஸ், இலவசம் | ஏஎக்ஸ்எஸ், இலவசம் | காவல் சாவடியில் பதிவு |
| யாருக்கு | கைக்குழந்தை, பாட்டி, முதல் முறை | 5 முதல் 11 வயதுப் பிள்ளைகள் | பதின்ம வயதினர், நண்பர் குழு |

கூடாரம் இல்லாதவர்கள் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று யோசிக்கிறார்கள். முதல் தடவை வாடகையோ, தெரிந்தவரிடம் இரவலோ போதும். போட்டுத்தரும் ஆட்களோடு சேர்த்து வாடகைக்கு விடுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் தொகையில் கொண்டுவரும் கட்டணம், எடுத்துப்போகும் கட்டணம், மழையால் ரத்தானால் திருப்பித் தருவார்களா என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். உறங்குபை வேண்டவே வேண்டாம். நம் ஊரில் இரவிலும் 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. மெல்லிய போர்வை, அடியில் விரிக்கப் பாய், மின்கலத்தில் ஓடும் சின்ன மின்விசிறி இவற்றுக்குச் செலவழியுங்கள்.

## பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது

கூடாரம் பாசிர் ரிஸ்ஸில், நடை உபினில். இரவுக்குப் பாதுகாப்பான இடமும் பகலுக்கு உண்மையான காடும் இப்படிச் சேர்ந்து கிடைக்கும். பாசிர் ரிஸ்ஸிலிருந்து சாங்கி வில்லேஜ் டாக்சியில் கொஞ்ச தூரம்தான். தானா மேராவிலிருந்து வருகிறவர்களுக்கு 2-ஆம் எண் பேருந்து சாங்கி வில்லேஜில் போய் நிற்கும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. காலையில் கூடாரத்தைப் பிரித்தபிறகு சாமான்களை என்ன செய்வது? கார் இருந்தால் எல்லாவற்றையும் அடைத்து சாங்கி வில்லேஜில் நிறுத்திவிட்டுப் படகேறலாம். கார் இல்லாதவர்கள் வரிசையை மாற்றிவிடுங்கள். சனிக்கிழமை காலை வெறுங்கையோடு, தண்ணீரும் தொப்பியும் மட்டும் எடுத்துக்கொண்டு உபினுக்குப் போங்கள். செக் ஜாவா பார்த்துவிட்டு மதியம் திரும்பி, சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் சாப்பிடுங்கள். வீட்டுக்குப் போய்க் குளித்து ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, வெயில் தணிந்தபிறகு சாமான்களோடு பாசிர் ரிஸ்ஸுக்கு வரலாம். நடந்து களைத்த பிள்ளைகள் அன்றிரவு சீக்கிரம் தூங்குவார்கள். மறுநாள் காலை கோழி எழுப்பியதும் சதுப்புக் காட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு போகலாம். என்னைக் கேட்டால் கார் இருப்பவர்களுக்கும் இந்த வரிசையே மேல்.

பதிவு செய்யும் முறை இப்படி இருக்கட்டும். முதலில் அலை அட்டவணையில் காலை நேரம் நீர் நன்றாக இறங்கும் ஒரு சனிக்கிழமையைக் கண்டுபிடியுங்கள். அந்த இரவுக்குப் பாசிர் ரிஸ் அனுமதி எடுங்கள். வாட்டும் அடுப்பு வேண்டுமென்றால் அதையும் உடனே பிடித்துவிடுங்கள். அன்று காலை இடி மின்னலால் படகு நின்றிருந்தால் சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்துக்குள் ஒதுங்கிக் காத்திருங்கள்; இடி மின்னல் ஓயும்வரை கடலோரத்தில் நடக்க வேண்டாம். மழை விட்டபிறகு படகு மறுபடி ஓடும்.